ஏழரை ஆண்டுக் கணக்கு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசஸர்



பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு, கைக்கு அடக்கமான விலையில் எந்தப் பிராசஸரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. பொழிச்சலூரிலிருந்து இதற்காகக் கிளம்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. கழற்றிய மதர்போர்டும் பழைய ஹார்டு டிஸ்க்கும் அங்கே குவியலாகக் கிடைக்கும். இன்னொன்று ரிச்சி தெரு. விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். எந்த வழியில் போனாலும் வாங்குகிறவர் முதலில் கேட்பது, "பிராசஸர் என்ன விலை?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தொடங்குகிறவர் பெரும்பாலும் கூடுதலாகச் செலவழித்துத்தான் திரும்புகிறார் என்பது என் வாதம். பிராசஸர் தனியாக வேலை செய்யாது. அதற்கென்று ஒரு மதர்போர்டு வேண்டும், அந்த போர்டு ஏற்கும் ரேம் வேண்டும், அதன் சூட்டைத் தணிக்க ஃபேன் வேண்டும், அது இழுக்கும் மின்சாரம் வேண்டும். இவை அத்தனையையும் கூட்டி, அந்தக் கம்ப்யூட்டர் உழைக்கும் ஆண்டுகளால் வகுத்தால் வருகிற தொகைதான் பிராசஸரின் உண்மையான விலை. எத்தனை ஆண்டுகள் என்று கேட்பீர்கள். நம் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்றே பெயர். சனியின் ஏழரை ஆண்டுக் கணக்கை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொள்வோம். பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போது வாங்கினால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்வரை அது ஓட வேண்டும்.

முதலில், பெயரை வைத்துத் தரத்தை எடைபோடும் பழக்கத்தைப் பார்ப்போம். ஐ3 என்றால் மட்டம், ஐ5 என்றால் நடுத்தரம், ஐ7 என்றால் உயர்வு என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இன்டெல் அந்தப் பெயர்களை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கத்தான் வைத்தது. தலைமுறை மாறினால் அந்த வரிசை செல்லாது. 2017 ஜனவரியில் ஐ7-7700கே வெளிவந்தபோது அதில் நான்கு கோர் (கணக்கு போடும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அறிமுக விலை 339 டாலர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில் ஐ3-12100 வந்தது. அதிலும் நான்கு கோர், எட்டு திரெட்தான். விலை 122 டாலர். அதன் ஒவ்வொரு கோரும் பழைய ஐ7 கோரைவிட வேகமானது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். 2011-இல் வந்த ஐ7-2600 இன்னும் பின்தங்கியது. ஆனாலும் புதுக் கேபினெட், வண்ண விளக்கு ஃபேன் எல்லாம் வைத்து, உள்ளே இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறைப் பிராசஸரைப் பூட்டி "ஐ7 மெஷின்" என்று விற்கும் வியாபாரம் இன்றும் நடக்கிறது. விற்பவர் சொல்வது பொய்யில்லை, அது ஐ7-தான். எந்த ஆண்டின் ஐ7 என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. ஆகவே ஐ என்ற எழுத்தை அடுத்து வரும் ஒற்றை எண்ணைவிட, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்களையே முதலில் படிக்க வேண்டும். 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினால் டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் முழுப் பெயரும் தெரியும். பார்க்க அரை நிமிடம் போதும்.

இந்தத் தலைமுறைக் கணக்குக்கு 2025 அக்டோபர் 14 முதல் ஒரு கண்டிப்பும் சேர்ந்துவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் கொடுத்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். சற்று முன் சொன்ன 339 டாலர் ஐ7-7700கே இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. வேகத்தில் அது இன்னும் களைத்துப்போகவில்லை. ஆனாலும் அதன் பயன்காலத்தை மென்பொருள் நிறுவனம் முடித்துவைத்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கும் எதுவும் இந்த வாசலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதிக விலை கொடுத்தால் அதிக ஆண்டுகள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது இரண்டாவது. 2017-இல் அந்த ஐ7-ஐ வாங்கியவரும், அதே தலைமுறை ஐ3-ஐ வாங்கியவரும் ஒரே நாளில்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

அடுத்தது வேகம். விலை கூடினால் வேகமும் அதே அளவில் கூடுமா? 2023 அக்டோபரில் 589 டாலருக்கு வந்த ஐ9-14900கே-ஐ எடுத்துக்கொள்வோம். ஐ3-12100-இன் அறிமுக விலையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஐ3-இன் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், ஐ9-இன் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். இரண்டின் பெரிய கோர்களும் நெருங்கிய உறவுமுறை வடிவமைப்பு. எனவே ஒரே கோரில் ஓடும் வேலையில் ஐந்து மடங்கு விலை ஒன்றரை மடங்கு வேகத்தைக்கூடத் தருவதில்லை. ஐ9-இல் 24 கோர்கள் இருக்கின்றனவே என்றால், உண்மைதான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோர்களுக்கும் கொடுக்க முடிந்தால் அது பறக்கும். ஆனால் எல்லா வேலையும் பிரியாது. 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதி இதைத்தான் சொல்கிறது: ஒரு வேலையில் பாதியைப் பிரிக்கவே முடியாது என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. டேலியில் ஜிஎஸ்டி கணக்கு போடுவது, வேர்டில் தட்டச்சுவது, பிரவுசரில் பாடம் பார்ப்பது, எக்செல் திறப்பது எல்லாம் ஓரிரு கோர்களின் வேகத்தை நம்பி நடப்பவை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், முப்பரிமாண அனிமேஷன் செய்கிறவர், பெரிய மென்பொருள்களை நாள் முழுக்கக் கம்பைல் செய்கிறவர் ஆகியோருக்குக் கோர்கள் காசாகும். அவர்கள் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். மற்ற வீடுகளில் அந்தக் கோர்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

அப்படியானால் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது? பெரும்பாலும் பிராசஸர் காத்துக்கொண்டிருப்பதால். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தேடும் தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதாவது நான்கு மில்லி விநாடிக்குச் சற்று மேல். ஊசி நகரும் நேரம் தனி. அந்த நான்கு மில்லி விநாடியில் 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒன்று 1.6 கோடித் துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதே தகவலை அது ஹார்டு டிஸ்க் எடுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் கொடுத்துவிடும். ரேம் போதாமல் போனாலும் இதே கதைதான். இடமில்லாத தகவலை டிஸ்க்குக்குத் தள்ளி, மீண்டும் எடுத்துவந்து கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஆகவே ஐ3-இலிருந்து ஐ5-க்குப் போகக் கூடுதலாகும் தொகையை, 8 ஜிபி ரேமை 16 ஜிபி ஆக்குவதற்கும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதற்கும் கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். இந்த வரிசையை மாற்றி, விலை கூடிய பிராசஸரை வாங்கிவிட்டு ரேமில் சிக்கனம் பிடிப்பதுதான் நம் பக்கத்து அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களில் அதிகம் காணப்படும் தவறு.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பற்றிக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஏழரை ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஏஎம்டி நிறுவனம் 2017-இல் ரைசன் பிராசஸர்களை ஏஎம்4 சாக்கெட்டில் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்ட ஒருவர், போர்டு நிறுவனம் கொடுத்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டை ஏற்றிக்கொண்டு, 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ அதே போர்டில் பொருத்திக்கொள்ள முடிந்தது. போர்டு மாறவில்லை, ரேம் மாறவில்லை, கேபினெட்டும், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாறவில்லை. பிராசஸர் ஒன்றுக்கு மட்டும் செலவு. இன்டெல் பக்கம் வேறு மாதிரி நடந்தது. 2017 ஜனவரியில் ஏழாம் தலைமுறைக்கான போர்டை வாங்கியவருக்கு, அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸர் ஒத்துவரவில்லை. இரண்டிலும் 1,151 தொடுமுனைகள் இருந்தும் புது போர்டு வாங்கச் சொன்னார்கள். பிறகு 2020-இல் எல்ஜிஏ 1200, 2021-இல் எல்ஜிஏ 1700, 2024-இல் எல்ஜிஏ 1851 என்று சாக்கெட் மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாற்றமும் வீட்டுக்காரருக்கு ஒரு புது மதர்போர்டு. இன்டெலுக்கும் நியாயம் சொல்ல வேண்டும்: எல்ஜிஏ 1700 மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என மூன்று தலைமுறைகளைத் தாங்கியது, அதற்கான போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனியாகக் கிடைத்தன. இன்று அதில் ஐ3-12100 போடுகிறவர், நான்கு ஆண்டு கழித்துச் சந்தையில் கிடைக்கும் பழைய ஐ5-ஐயோ ஐ7-ஐயோ அதே இடத்தில் உட்கார வைக்கலாம். நான் எந்த நிறுவனத்துக்கும் வாக்கு கேட்கவில்லை. ஒரு சாக்கெட்டின் வரலாற்றைப் பார்த்து, அதில் மேலே ஏற இன்னும் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணி வாங்குங்கள் என்கிறேன்.

பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்திலும் பணம் ஒளிந்திருக்கிறது. ஐ3-12100எஃப் அறிமுகமானபோது, எஃப் இல்லாத ஐ3-ஐவிட 25 டாலர் மலிவு. காரணம், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி அதில் இயங்காது. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும்; அதன் விலைக்கு முன்னால் மிச்சம் பிடித்த 25 டாலர் ஒன்றுமேயில்லை. அந்தக் கார்டு பழுதானால் கம்ப்யூட்டரே இருண்டுபோகும். ஏஎம்4 வரிசையிலும் இதே கவனம் வேண்டும்: ரைசன் 5 5600-இல் கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. விளையாட்டுக்காகக் கார்டு வாங்கப்போவது உறுதி என்றால் 5600 நல்ல தேர்வு, ஏனென்றால் அதன் கேஷ் நினைவகம் 5600ஜி-யைப் போல இரண்டு மடங்கு. உறுதியில்லை என்றால் ஜி எழுத்து உள்ளதையே எடுக்க வேண்டும். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. கம்ப்யூட்டரின் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. அதனால் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி குச்சி இரண்டாகப் போட வேண்டும். டிடிஆர்4-3200 ரேம் ஒற்றைப் பாதையில் விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரட்டைப் பாதையில் 51.2 ஜிபி. ஒரே அளவு ரேமை இரண்டாகப் பிரித்து வாங்குவதால் மட்டும் கிடைக்கும் லாபம் இது.

வெளிநாட்டு மதிப்புரைகளைப் பார்த்துப் பிராசஸர் வாங்குகிறவர்கள் நம் வெயிலை மறந்துவிடுகிறார்கள். அங்கே சோதிக்கும் அறைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரிக் குளிர்ச்சியில் இருப்பவை. சென்னையின் உச்ச வெப்பம் 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. சாதாரண மே மாதப் பிற்பகலில்கூட ஏசி இல்லாத அறையில் 36, 37 டிகிரி இருக்கும். ஃபேன் பிராசஸரைக் குளிர வைப்பதில்லை. பிராசஸரின் சூட்டை அறையின் காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். அறை 15 டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறத்தாழ 15 டிகிரி கூடும். 22 டிகிரி அறையில் 80-இல் நிற்கும் பிராசஸர் நம் வீட்டில் 95-ஐத் தொடும். ரைசன் 5 5600ஜி-யின் எல்லை 95 டிகிரி; பன்னிரண்டாம் தலைமுறை இன்டெலின் எல்லை 100. எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கக்கூடிய ஐ9-ஐ வாங்கி, பெட்டியில் குளிர்விப்பானும் வராததால் அதற்குத் தனியாகச் செலவழித்து, கடைசியில் காசு கொடுத்த வேகத்தில் ஒரு பகுதியைச் சித்திரை வெயிலுக்கு விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை. ஐ3-12100-இன் அடிப்படை அளவு 60 வாட், 5600ஜி-க்கு 65 வாட். இரண்டுக்கும் பெட்டியிலேயே குளிர்விப்பான் உண்டு. மின் கட்டணமும் இதோடு சேர்ந்தது. தினம் ஆறு மணி நேரம் 60 வாட் கூடுதலாக இழுத்தால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 22 யூனிட். தொகை சிறிதுதான். ஆனால் 500 யூனிட்டுக்கு அருகில் நிற்கும் வீட்டில் அது கணக்கைத் தாண்டவைத்தால், கட்டண அடுக்கே மாறிவிடும். கரண்ட் போகும்போது இன்னொரு லாபம் தெரியும்: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும், கார்டு இல்லாத சிக்கனமான கம்ப்யூட்டரை அது நிதானமாக அணைக்க நேரம் கொடுக்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, "இன்றைக்கே நல்லதாக, பெரியதாக வாங்கிவிட்டால் பல ஆண்டு கவலையில்லையே" என்பது. தங்கத்துக்கும் நிலத்துக்கும் பொருந்தும் புத்தி இது, பிராசஸருக்குப் பொருந்தாது. 2017-இல் 339 டாலருக்கு விற்ற ஆற்றல் 2022-இல் 122 டாலருக்கு, அதுவும் மேம்பட்டு, கிடைத்தது என்று பார்த்தோம். நாளைக்கு மலிவாகக் கிடைக்கப்போகும் வேகத்துக்கு இன்றே முழு விலை கொடுப்பது நஷ்டம். விலை கூடினால் உறுதியும் கூடும் என்ற எண்ணத்துக்கும் 2024-இல் ஒரு பதில் கிடைத்தது. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளில் மின்னழுத்தச் சிக்கலால் பிராசஸர்கள் நிலைகுலைந்தன. வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்து அந்த நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை ஐ9, ஐ7, கே வகை ஐ5 போன்ற விலை உயர்ந்தவை. சாதாரண ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை. வேகத்தின் விளிம்பில் ஓட்டப்படும் பொருளுக்கே அந்த ஆபத்து அதிகம்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. "புதிது எதற்கு? ஓஎம்ஆர் அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே" என்பது. இதைப் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். எட்டாம் தலைமுறை ஐ5-8500 போட்ட அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆறு கோர்கள் உண்டு. விண்டோஸ் 11 ஓடும். படிப்புக்கும் கணக்குக்கும் தாராளம். வாங்கிய விலையை ஆண்டுகளால் வகுத்தால் பல வீடுகளுக்கு இதுவே முதலிடம் பெறும். இரண்டு குறைகளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் அலுவலக மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் பெரும்பாலும் அவர்களுக்கே உரிய அளவில் இருக்கும். ஒன்று போனால் ரிச்சி தெருவில் கிடைக்கும் பொதுப் பாகத்தைப் பொருத்த முடியாது. அடுத்து, மேலே ஏறும் படிகள் குறைவு. இன்னும் பழைய, நான்காம் தலைமுறை இயந்திரம்தான் கட்டுப்படியாகும் என்றால் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போகலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைத் தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் பார்த்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு; லினக்ஸ் நமக்கு அந்நியமில்லை. ஆனால் டேலி போல விண்டோஸையே நம்பியிருக்கும் மென்பொருள் வேண்டியவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

மூன்றாவது, "ஏஐ காலம் வந்துவிட்டது, அதற்கென்று தனிப் பிராசஸர் வேண்டாமா?" என்ற கேள்வி. மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு, விநாடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் என்பியு என்ற ஏஐ பகுதி பிராசஸரில் வேண்டும் என்கிறது. நாம் இதுவரை பேசிய டெஸ்க்டாப் பிராசஸர்கள் எதுவும் அந்த அளவை எட்டவில்லை. எட்டாததால் இழப்பது என்ன என்று பார்த்தால், மாணவர்கள் பயன்படுத்தும் ஏஐ சேவைகள் பெரும்பாலும் பிரவுசர் வழியே தொலைவில் உள்ள சர்வர்களில் ஓடுபவை. அவற்றுக்கு இணையமும் ரேமும் போதும். வீட்டிலேயே மாடல்களை ஓட்ட விரும்பும் பொறியியல் மாணவருக்கு வேண்டியது நிறைய நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸரில் ஒட்டிய சிறு என்பியு அந்த யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நான்காவது எதிர்வாதம் ஏஎம்4-ஐப் பற்றியது. "அது முடிந்துபோன சாக்கெட், 2022-இல் வந்த ஏஎம்5-ஐத்தானே வாங்க வேண்டும்?" என்கிறார்கள். படிகளை எண்ணி வாங்கச் சொன்ன என் வாதமே இங்கே என்மீது திரும்புகிறது. பதில் சொல்லியாக வேண்டும். ஏஎம்5-ஐ 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. படிகள் அதில்தான் அதிகம். ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025-இன் பிற்பாதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 32 ஜிபி டிடிஆர்5 ஒரு நடுத்தரப் பிராசஸரைவிட அதிக விலைக்குப் போனது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனாளர்களுக்கான தன் குரூஷியல் வியாபாரத்தையே விட்டுவிடப்போவதாக அறிவித்தது. டிடிஆர்4 விலையும் ஏறாமல் இல்லை. இந்த நிலையில் கையில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்கு ஏஎம்4-உம் டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ 1700-உம் லாபம். அவர் ரேமுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறவர், இடையில் ஒருமுறை பிராசஸரை மாற்றுவேன் என்ற உறுதி இருந்தால் ஏஎம்5-க்குப் போகலாம். மாற்றவே மாட்டேன் என்பவருக்குப் படிகள் இருந்தும் பயனில்லை, மலிவானதே போதும். ஒரே நாளில், ஒரே கடையில், இரண்டு பேருக்கு இரண்டு பிராசஸர்கள் மலிவாக இருக்கக்கூடும். பிராசஸரின் விலையைத் தனியாகப் பேச முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் என்பதால் இன்னொரு யோசனையும் இங்கே அடிக்கடி எழும்: துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாமே என்று. 1997-இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் பிராசஸருக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. இங்கே முக்கியமாகச் சேர்வது 18 சதவீத ஜிஎஸ்டி. மலிவான பிராசஸரில் அந்த வித்தியாசம் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். அதற்காக, பழுதானால் வாங்கிய கடையிலேயே மாற்றும் வசதியை விடுவது சரியில்லை. உள்ளூரிலும் பில் இல்லாமல் வாங்குவது இதே தவறுதான். பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு மூன்று ஆண்டு வாரண்டி. "டிரே" என்று பெட்டியின்றி விற்பதற்கு அந்த உறுதி கிடையாது, குளிர்விப்பானும் வராது. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய இருப்பில் உள்ள மதர்போர்டு என்றால், நாம் வாங்கும் பிராசஸரை அடையாளம் காணும் பயாஸ் அதில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தொகுத்துச் சொல்கிறேன். படிப்பு, கணக்கு, இணையம் என்ற அளவில் நிற்கும் வீட்டுக்கு, எஃப் இல்லாத ஐ3-12100-ஐ டிடிஆர்4 போர்டில் போடுவதோ, 5600ஜி-யை ஏஎம்4 போர்டில் போடுவதோ போதும். இரண்டு 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் அதோடு சேர வேண்டும். இடையில் பிராசஸரை மாற்றி, கார்டு சேர்த்து வளர்த்துக்கொண்டு போகப்போகும் பொறியியல் மாணவருக்கு ஏஎம்5-இல் ரைசன் 5 7600 போன்ற ஒன்று. 2018-ஐ ஒட்டி வாங்கிய ஏஎம்4 போர்டு வீட்டில் இருந்தால், பயாஸ் ஆதரிக்கிறதா என்று பார்த்து, பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மிகச் சிக்கனம் வேண்டுபவருக்கு எட்டாம் தலைமுறைக்குக் குறையாத அலுவலக டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறைப் பிராசஸரோடு ஹார்டு டிஸ்க்கில் தத்தளிக்கும் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர் எந்தப் பிராசஸரும் வாங்க வேண்டாம். ஒரு எஸ்எஸ்டியும் சிறிது ரேமும் போட்டு, ஏழரை ஆண்டுக் கணக்கில் மீதியுள்ள ஆண்டுகளை அதிலேயே ஓட்டலாம். இந்த ஊரில் பல வீடுகளுக்கு மிக மலிவான பிராசஸர், ஏற்கெனவே மேசையில் ஓடிக்கொண்டிருப்பதுதான்.